ஊர் கூடி இழுத்த விமானம்



இரவு பதினொரு மணி. வீடு அடங்கிவிட்டது. ஒருவர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினி முன் உட்காருகிறார். திரையில் எஃப்-16 போர்விமானத்தின் காக்பிட் இருட்டாகக் கிடக்கிறது. முதலில் பேட்டரி சுவிட்ச், அடுத்து முதன்மை மின்சாரம், அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர். சுழற்சிமானியின் முள் மெல்ல ஏறி 20 சதவீதத்தைத் தொட்டதும் இடது கை த்ராட்டிலை ஒரு படி முன்னே தள்ளுகிறது. எஞ்சின் பிடித்துக்கொள்கிறது. இனிப் பறக்க வேண்டியதுதானே என்றால், அதுதான் இல்லை. தான் எங்கே நிற்கிறோம், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்பதை விமானம் தானே கண்டுபிடித்தாக வேண்டும். அதன் வழிகாட்டும் கருவிக்குள் இருக்கும் கைரோக்கள் பூமி சுழல்வதை உணர்ந்து வடக்கு எது என்று தேடும். அதற்கு முழுதாக எட்டு நிமிடம். அதுவரை விமானத்தை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. சிறு திரையில் 99-இல் தொடங்கும் எண் இறங்கி இறங்கி 10-க்கு வர வேண்டும்.

விளையாட்டில் எட்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பதா? ஒரு பொத்தானை அழுத்தி நேராக வானத்திலேயே தொடங்கும் வழியும் அதே சிமுலேட்டரில் இருக்கிறது. ஆனாலும் பல நாடுகளில் பலர் அந்த எட்டு நிமிடத்தை விரும்பிக் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஹெட்செட்டில் பேச்சு ஓடும். பக்கத்து விமானத்தில் இருப்பவர் வேறொரு கண்டத்தில் இருக்கலாம். போன வாரம் யாரோ செய்த புதிய ரேடார் திருத்தம் சரியா, அந்த ஏவுகணை உண்மையில் அவ்வளவு தூரம் போகுமா, சக்கரத்தை மடக்கும்போது வரும் சத்தம் அப்படித்தான் இருக்குமா என்று பேச்சு நீளும்.

இன்றைய உரை அந்தப் பேச்சைப் பற்றியது. போர்விமான சிமுலேட்டர்களை விலைக்கு வாங்கி, அவற்றில் குறை கண்டு, தாங்களே பிரித்துத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் மாற்றத்துக்கு ‘மோட்’ என்று பெயர். ஒரு நல்ல மோட் தனி ஒருவரின் மேதைமையில் பிறப்பது அபூர்வம். நிரல் எழுதத் தெரிந்தவர் ஒருவர், விமானத்தில் பறந்தவர் ஒருவர், அதைத் தரையில் பழுது பார்த்தவர் ஒருவர், பழைய கையேடுகளைச் சேர்த்து வைத்தவர் ஒருவர் என்று நாலு பேர் உட்கார்ந்து பேசினால்தான் ஒரு சுவிட்ச் சரியான இடத்துக்கு வருகிறது. இந்தக் கலையின் பட்டறை கணினிக்குள் இருப்பதைவிட அந்தப் பேச்சுக்குள்தான் அதிகம் இருக்கிறது.

இதற்கு மிகச் சிறந்த சாட்சி ‘ஃபால்கன் 4.0’. 1987-இல் தொடங்கிய ஃபால்கன் சிமுலேட்டர் வரிசையின் நான்காவது படைப்பு அது. வரிசையை வளர்த்தவர் கில்மன் லூயி. பின்னாளில் அமெரிக்க உளவுத்துறையின் தேவைக்காகத் தொழில்நுட்ப முதலீடு செய்யும் இன்-க்யூ-டெல் அமைப்பின் முதல் தலைமை அதிகாரியானவரும் அவரே. வர்ஜீனியா ஏர் நேஷனல் கார்டில் எஃப்-16 ஓட்டிய பீட் பொனானி ஆலோசகராக இருந்தார். 1998 டிசம்பரில் மைக்ரோப்ரோஸ் அதை வெளியிட்டபோது, வளையக் கோப்பில் கோத்த ஏறத்தாழ 600 பக்கக் கையேடும் பெட்டிக்குள் வந்தது. கையேட்டின் கனத்தைக் கையில் வாங்கியவர்களுக்கே தெரியும், இது வேறு மாதிரியான பொருள் என்று.

ஃபால்கனுக்குள் இருந்த அதிசயம் கொரியப் போர்க்களம். பெரும்பாலான சிமுலேட்டர்களில் ஆட்டக்காரருக்காகத்தான் போர் நடக்கும். அவர் வந்தால் எதிரி வருவான், அவர் போனால் திரை விழும். ஃபால்கனில் அப்படியில்லை. டாங்கிப் படைகள் நகரும், பாலங்கள் உடையும், பழுது பார்க்கப்படும், விமானங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு போகும். ஆட்டக்காரர் தூங்கினாலும் போர் நடந்துகொண்டிருக்கும். அன்றைய கணினி இதை எப்படித் தாங்கியது? ஒவ்வோர் ஆட்டக்காரரைச் சுற்றியும் ஒரு குமிழியைக் கற்பனை செய்துகொண்டார்கள். குமிழிக்குள் வரும் ஒவ்வொரு டாங்கியும் ஒவ்வொரு விமானமும் தனித்தனியாக, முழு உருவோடு இயங்கும். குமிழிக்கு வெளியே இருப்பவை வெறும் படைப்பிரிவுகளாக, எண்களாக மோதிக்கொள்ளும். குமிழி நகர நகர எண்கள் உருவம் எடுக்கும், உருவங்கள் மீண்டும் எண்களாகும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இதற்கு நிகரான போர்க்களத்தை உருவாக்கியவர்கள் அரிது.

ஆனால் வெளிவந்தபோது அது பிழைகளின் மூட்டை. பாதி வழியில் நின்றுவிடும், பலர் சேர்ந்து பறந்தால் இணைப்பு அறுந்துவிடும். நிறுவனம் ஓராண்டு முழுக்கத் திருத்தங்கள் வெளியிட்டது. கடைசி அதிகாரபூர்வத் திருத்தமான 1.08 வந்தது 1999 டிசம்பரில். அதற்குள் மைக்ரோப்ரோஸை ஹாஸ்ப்ரோ வாங்கியிருந்தது. அதே மாதம் கலிஃபோர்னியாவின் அலமீடாவில் இருந்த ஃபால்கன் பணியிடம் மூடப்பட்டது. உருவாக்கியவர்கள் கலைந்துபோனார்கள்.

அடுத்து நடந்தது வரலாறு. 2000 ஏப்ரலில் ஃபால்கனின் மூல நிரல் இணையத்தில் கசிந்தது. சட்டப்படி அது தவறு. அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. ஆனால் அந்தக் கசிவு இல்லாவிட்டால் இன்று ஃபால்கனைப் பற்றிப் பேச எவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. கசிவுக்கு முன்பே சில குழுக்கள் விளையாட்டின் தரவுக் கோப்புகளைத் திருத்தத் தொடங்கியிருந்தன. ஏவுகணைகளின் வேகம், ரேடாரின் வீச்சு, விமான எதிர்ப்புப் பீரங்கியின் குறி என ஒவ்வொன்றையும் வெளியான நூல்களோடு ஒப்பிட்டு மாற்றினார்கள். நிரலே கைக்கு வந்ததும் வேலை வேறு உயரத்துக்குப் போனது. குழுக்கள் பிறந்தன, பிரிந்தன, சண்டையிட்டன, சேர்ந்தன. உரிமம் பெற்ற ஒரு நிறுவனம் 2005-இல் ‘அலைடு ஃபோர்ஸ்’ என்ற பெயரில் கடைகளிலும் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. பென்ச்மார்க் சிம்ஸ் என்ற குழு, சுருக்கமாக பி.எம்.எஸ்., வெளியே அதிகம் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது. 2011 செப்டம்பரில் அவர்களுடைய 4.32 வெளிவந்தபோது, 1998-இன் விளையாட்டு அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியிருந்தது. 2022-இல் வந்த 4.37-இல் மெய்நிகர் கண்ணாடி மாட்டிக்கொண்டு காக்பிட்டுக்குள்ளேயே உட்கார முடிந்தது. இத்தனைக்கும் பி.எம்.எஸ். இலவசம். அதில் உழைத்தவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துச் சம்பாதிப்பவர்கள்.

இந்த உழைப்பின் தன்மையைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் இடத்தை அருகில் போய்ப் பார்க்கலாம்.

எஃப்-16 வேண்டுமென்றே நிலைத்தன்மையைக் குறைத்து வடிவமைக்கப்பட்ட விமானம். மனிதக் கையை மட்டும் நம்பினால் அது நேராகப் பறக்காது. கணினிதான் நொடிக்குப் பலமுறை வால் இறகுகளை அசைத்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. மூக்கு காற்றோட்டத்துக்கு மேலே சுமார் 25 டிகிரிக்கு மேல் போகாதபடி கணினி தடுக்கும். ஆனால் விமானி ஏறத்தாழ செங்குத்தாக ஏறி, வேகம் முழுவதையும் இழந்துவிட்டால்? இறகின் மேல் காற்றே ஓடாதபோது கணினிக்குப் பிடிமானம் இல்லை. விமானம் மூக்கைத் தூக்கிய நிலையில், ஒரு தட்டுப் போலத் தட்டையாகக் கீழே விழத் தொடங்கும். ‘டீப் ஸ்டால்’ என்பார்கள். ஜாய்ஸ்டிக்கை எப்படித் தள்ளினாலும் பயனில்லை. அப்போது இடது பக்கம் உள்ள ஒரு சுவிட்சை அழுத்திப் பிடித்துக் கணினியின் தடையை நீக்க வேண்டும். பிறகு ஊஞ்சலைத் தள்ளுவது போல, மூக்கு தானாக மேலே வரும்போது இழுத்து, கீழே போகும்போது தள்ளி, ஆட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். இரண்டாவது அல்லது மூன்றாவது ஆட்டத்தில் மூக்கு கவிழ்ந்து கீழே பாயும். வேகம் திரும்பும். உயிர் திரும்பும்.

1998-இன் ஃபால்கனோடு வந்த கையேட்டைப் படித்தவர்களுக்கு இதெல்லாம் ஏட்டறிவு. பி.எம்.எஸ்.-இல் பறப்பவர்களுக்கு இது கையறிவு. ஊஞ்சலைத் தவறான நேரத்தில் தள்ளினால் விமானம் மீளாது. தரை வந்து மோதும். இந்த நடத்தையை யாரும் ‘இங்கே வந்தால் விழு’ என்று எழுதி வைக்கவில்லை. காற்றுச் சுரங்கத்தில் அளந்த எண்களை நிரலுக்குக் கொடுத்தார்கள். விழுவதும் மீள்வதும் அந்த எண்களிலிருந்து தாமாக வந்தன. அத்தகைய எண்கள் எங்கே கிடைக்கும்? 1979 டிசம்பரில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம், எஃப்-16-இன் சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்த தரவுகளை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. மூக்கு 20 டிகிரி கீழே இருப்பதிலிருந்து 90 டிகிரி மேலே இருப்பது வரை அட்டவணை அட்டவணையாக எண்கள். யாரும் எடுத்துப் படிக்கலாம். ஜே.எஸ்.பி.சிம் என்ற திறந்த மூல நிரலில் உள்ள எஃப்-16-க்கும் இந்த அறிக்கைதான் அடிப்படை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா செயற்கை நுண்ணறிவையும் எஃப்-16 விமானி ஒருவரையும் கணினி வானத்தில் மோதவிட்டது. விமானி 5-0 என்று தோற்றார். அந்தப் போட்டியின் விமானம் பறந்தது ஜே.எஸ்.பி.சிம் மேல்தான். பொழுதுபோக்குக்காரர்கள் பேணி வளர்த்த நிரல் அங்கே போய் நின்றது.

இப்போது வேறொரு சிமுலேட்டருக்குப் போவோம். அங்கேதான் பேச்சின் வலிமை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது.

2001-இல் மாஸ்கோவில் ஒலெக் மேடாக்ஸின் குழு ‘ஐ.எல்.-2 ஸ்டர்மோவிக்’ என்ற இரண்டாம் உலகப் போர் சிமுலேட்டரை வெளியிட்டது. அதில் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 விமானத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் ஒரு குறை சொன்னார்கள். முன் கண்ணாடியின் அடிச்சட்டம் தடித்த கம்பி போல வந்து, குறிபார்க்கும் கருவியின் கீழ்ப் பாதியை மறைத்தது. சுடும்போது எதிரி விமானம் அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஆனால் போர்க்கால ஆவணங்கள் வேறு கதை சொல்லின. 1942 ஜூனில் ஜெர்மன் விமானி ஆர்மின் ஃபாபர் வழி தவறி வேல்ஸின் பெம்ப்ரி விமானத்தளத்தில் இறங்கிவிட்டார். அவருடைய ஃபோக்கவுல்ஃப் பிரிட்டிஷாரின் கைக்குச் சேதமில்லாமல் கிடைத்தது. அதை ஓட்டிப் பார்த்தவர்கள் அதன் பார்வை வசதியைப் பாராட்டி எழுதினார்கள். பிரமாதமான பார்வை என்று எதிரியே சொன்ன விமானத்தில், சிமுலேட்டரில் மட்டும் பார்வை ஏன் மறைகிறது?

சிமுலேட்டர்காரர்கள் வரைபடத்தை எடுத்துக் காட்டினார்கள். சட்டத்தின் அளவு சரி. விமானி கண் இருக்கும் உயரமும் சரி. கோடு போட்டுப் பார்த்தால் மறைக்கத்தான் செய்யும். இந்த வாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. ‘அந்தக் கம்பி’ என்று சொன்னாலே போதும், எதைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும் என்ற அளவுக்கு ஆனது. கடைசியில் விடை பள்ளிக்கூட இயற்பியலில் இருந்தது. அந்த முன் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை. குண்டு துளைக்காத 50 மில்லிமீட்டர் தடிமன். நிமிர்ந்து நிற்காமல் பின்பக்கமாக நன்றாகச் சாய்ந்தது. தண்ணீர் தம்ளருக்குள் கரண்டி உடைந்தது போலத் தெரிவதைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே ஒளிவிலகல் இங்கேயும் நடக்கிறது. முன்னாலிருந்து வரும் ஒளி சாய்ந்த கண்ணாடிக்குள் புகுந்ததும் கீழ்நோக்கி வளைகிறது, உள்பக்கம் வெளியேறும்போது பழைய திசைக்கே திரும்புகிறது. திசை மாறுவதில்லை, இடம் மட்டும் கீழே நகர்ந்துவிடுகிறது. ஒளி கண்ணாடிப் பரப்பின் செங்கோட்டோடு 65 டிகிரி கோணத்தில் விழுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், நகர்வு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். அதாவது, விமானி தன் கண்ணை 3 சென்டிமீட்டர் மேலே தூக்கி வைத்துப் பார்த்தது போலச் சட்டத்தைத் தாண்டிப் பார்த்தார். கம்பி அங்கேதான் இருந்தது. அவர் கண்ணுக்கு மெலிந்து தெரிந்தது.

வரைபடம் பொய் சொல்லவில்லை. பறந்தவர்களின் சாட்சியும் பொய் இல்லை. இரண்டுக்கும் நடுவில் கண்ணாடியின் இயல்பு விடுபட்டிருந்தது. வரைபடம் வைத்திருந்தவர், போர்க்கால அறிக்கையைப் படித்தவர், ஒளியியல் தெரிந்தவர் ஆகியோர் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டதால்தான் அது வெளிவந்தது. மோட் செய்பவர்கள் காக்பிட்டைத் திருத்தினார்கள். பின்னாளில் வந்த சிமுலேட்டர்களின் ஃபோக்கவுல்ஃப்களில் அந்தச் சட்டம் மெலிந்தது. வாய்ச்சண்டை என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்று, ஒரு விமானத்தைப் பற்றிய உண்மையைத் தோண்டி எடுத்துக் கொடுத்தது. இதைவிட நல்ல ஆராய்ச்சி முறை வேறென்ன இருக்கிறது?

எல்லா சிமுலேட்டரும் திருத்தக்காரர்களுக்குக் கதவைத் திறந்து வைப்பதில்லை. ஐ.எல்.-2-இன் கோப்புகள் பல ஆண்டுகள் பூட்டியே இருந்தன. பூட்டை உடைத்தபோது அந்தச் சமூகமே இரண்டாகப் பிளந்தது. பூட்டு இருந்தவரை இணையப் போட்டியில் எல்லாரும் ஒரே அளவுகோலில் பறந்தார்கள், இனி யார் எஞ்சினைத் திருட்டுத்தனமாகப் பெருக்கிக்கொண்டு வருகிறார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டவர்களின் கவலை நியாயமானது. புதிய விமானங்களும் புதிய நிலப்பரப்புகளும் வேண்டும் என்று கேட்டவர்களின் ஆசையும் நியாயமானது. கடைசியில், பரவலாக மதிக்கப்பட்ட டைடலஸ் என்ற தன்னார்வக் குழுவே அதிகாரபூர்வத் திருத்தங்களை வெளியிடும் பொறுப்பைப் பெற்றது. விளையாடியவர்கள் கையிலேயே சாவி வந்து சேர்ந்தது.

இதற்கு நேர் எதிர், டெக்ஸஸில் சுயோஷி கவாஹிதோ நடத்திய தேர்ட் வயர் நிறுவனத்தின் ‘ஸ்ட்ரைக் ஃபைட்டர்ஸ்’. 2002-இல் வந்த அந்த சிமுலேட்டரில் விமானத்தின் ஜாதகமே சாதாரண எழுத்துக் கோப்பில் இருந்தது. நோட்பேடில் திறக்கலாம். எடை ஒரு வரி, எஞ்சினின் உந்துவிசை ஒரு வரி, சக்கரம் எத்தனை நொடியில் மடங்கும் என்பது ஒரு வரி. ஓர் எண்ணை மாற்றிச் சேமித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நிரல் எழுதவே தெரியாத எத்தனையோ பேருக்கு விமானப் பொறியியலின் முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. உந்துவிசையை இரட்டிப்பாக்கினால் விமானம் ராக்கெட்டாகப் பறக்கும் என்று எண்ணி மாற்றுவார்கள். வேகம் ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஏன்? காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது என்று யாராவது ஒரு மூத்தவர் பொறுமையாக விளக்குவார். கேட்டவர் அடுத்த வாரம் தடை எண்களைப் படிக்கத் தொடங்கியிருப்பார்.

பலருடைய முதல் மோட் அதைவிடவும் எளியது: வண்ணம். ‘ஸ்கின்’ என்பார்கள். விமானத்தின் மேல்தோலை விரித்துத் தட்டையாக்கிய ஒரு படம். தையற்காரர் வெட்டி வைத்த சட்டைத் துணி போல இறக்கை ஒரு துண்டு, உடல் இரண்டு துண்டு, வால் ஒரு துண்டு. அதில் அடுக்கடுக்காக வரைய வேண்டும். அடியில் உலோக நிறம், அதன் மேல் மறைவண்ணம், அதன் மேல் தகட்டு இணைப்புக் கோடுகள், ஆணித் தலைகள், கடைசியாக அழுக்கு. அழுக்கில்தான் ஆளின் தேர்ச்சி தெரியும். பீரங்கி வாயைச் சுற்றிப் புகைக்கரி எங்கே படியும், விமானி ஏறி இறங்கும் இடத்தில் வண்ணம் எப்படித் தேயும், எண்ணெய்க் கசிவு காற்றில் எந்தப் பக்கம் இழுபடும் என்று பழைய புகைப்படங்களை உருப்பெருக்கிப் பார்ப்பார்கள். தரைப்பணியாளராக இருந்தவர் ஒருவர் வந்து, அந்த மூடியை நாங்கள் தினமும் திறப்போம், அதைச் சுற்றிக் கைரேகை இல்லாமல் இருக்காது என்று ஒரு வார்த்தை சொன்னால், அன்றிரவே கைரேகை வந்துவிடும்.

வண்ணம் என்றதும் ஒரு கனமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஐ.எல்.-2-இல் ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகா இல்லை. நாஜிச் சின்னங்களைக் காட்டுவதை ஜெர்மன் சட்டம் தடுக்கிறது. 2018 ஆகஸ்டில்தான் ஜெர்மனியின் வயதுத் தர நிர்ணய அமைப்பு, விளையாட்டுகளில் அதைத் தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்று இறங்கி வந்தது. அதுவரை பலர் மோட் வழியாக அதைச் சேர்த்துக்கொண்டார்கள். வரலாறு உள்ளபடி இருக்கட்டும் என்பவர்களும், அந்தச் சின்னத்தின் கீழ் செத்தவர்களை நினையுங்கள் என்பவர்களும் பேசிப் பேசி ஓயவில்லை. இன்னொரு சிக்கல், ஃபின்லாந்து விமானப்படை 1918 முதலே நீலநிற ஸ்வஸ்திகாவைச் சுமந்தது. அது நாஜிகளுக்கு முந்தியது, ஸ்வீடன் பிரபு ஒருவர் பரிசளித்த விமானத்தோடு வந்த அடையாளம். ஒரு சிறு படத்தை ஒட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி எத்தனை வரலாற்றைக் கிளப்பிவிடுகிறது பாருங்கள். ஒட்டுகிறவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஒட்ட வேண்டும் என்பதே நியாயம்.

ஒவ்வொரு மோட்டுடனும் ‘ரீட்மி’ என்ற ஒரு சிறு கோப்பு வரும். அவசரக்காரர்கள் திறப்பதில்லை. திறந்தால் அதில் ஒரு குடும்ப மரம் இருக்கும். உடல் வடிவம் இன்னார் செய்தது, காக்பிட் இன்னாரிடமிருந்து அனுமதி பெற்று எடுத்தது, எஞ்சின் சத்தம் இன்னார் ஒரு விமானக் காட்சியில் பதிவு செய்தது, பறத்தல் எண்களைத் திருத்தியவர் இன்னார். பணம் புழங்காத இந்த உலகில் பெயர்தான் கூலி. அடுத்தவர் செய்ததைத் தன் பெயரில் வெளியிடுவது இங்கே மன்னிக்கப்படாத குற்றம். அதிலும் இலவசமாகக் கொடுத்த வடிவத்தை யாராவது விற்பனைப் பொருளில் நுழைத்துவிட்டால், அதைச் செய்தவர் மனமுடைந்து தன் கோப்புகள் அத்தனையையும் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விடுவதும் நடக்கிறது. அப்படிப் போனவர்களின் இழப்பு பெரிது. அவர்கள் கோபம் நியாயமே. மறுபக்கம், நேர்வழியில் தொழிலாக மலர்ந்ததும் உண்டு. இத்தாலியின் சாகச அணி விமானமான எம்.பி.-339, டி.சி.எஸ். என்ற சிமுலேட்டரில் முதலில் ஆர்வலர்களின் இலவச மோட்டாக வந்தது. 2022-இல் அதே விமானம் முழுமையான அதிகாரபூர்வப் பதிப்பாக விற்பனைக்கு வந்தது. அதே சிமுலேட்டரில் ஏ-4 ஸ்கைஹாக் இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் பழைய கையேடுகள் வெளிப்படையாகக் கிடைப்பது அதைச் செய்தவர்களுக்குப் பெரிய துணை.

கையேடு என்றதும் எச்சரிக்கையும் வருகிறது. துல்லியத்தின் மேல் உள்ள பசி சிலரை எல்லை தாண்ட வைத்திருக்கிறது. 2021 ஜூலையில் ‘வார் தண்டர்’ விளையாட்டின் ஆட்டக்காரர் ஒருவர், பிரிட்டனின் சேலஞ்சர் 2 டாங்கி விளையாட்டில் தவறாக இருக்கிறது என்று நிரூபிக்க, ராணுவக் கையேட்டின் பக்கங்களையே எடுத்துப் போட்டார். அவை ரகசியமானவை. நிறுவனம் உடனே நீக்கியது. அதோடு நிற்கவில்லை, அதே ஆண்டு அக்டோபரில் பிரான்சின் லெக்லெர்க் டாங்கி, 2023 ஜனவரியில் எஃப்-16 என்று அடுத்தடுத்து இதே கதை. இதற்கு முன்பே, 2019-இல், எஃப்-16 கையேடுகளை இணைய ஏலத்தில் வாங்கி எல்லை தாண்டிக் கடத்தியதற்காக சிமுலேட்டர் துறையைச் சேர்ந்த ரஷ்யர் ஒருவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நீதிமன்றத்தில் நின்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். காவலில் கழித்த காலமே தண்டனையாகக் கணக்கிடப்பட்டது.

ஒரு வாதத்தில் ஜெயிப்பதற்காக ஒருவருடைய வேலையும் விடுதலையும், வேறொருவருடைய உயிரும் பணயமாகக் கூடாது. பொறுப்பான குழுக்கள் இதில் மிகக் கண்டிப்பு. ஆவணம் எங்கிருந்து வந்தது, வெளியிட அனுமதிக்கப்பட்டதா என்று தெரியாமல் தொடவே மாட்டார்கள். படைப்பணியில் இருந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறைய உண்டு. எஞ்சின் சத்தத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற ஒருவர், எதிரி ரேடாரைக் குழப்பும் கருவியைப் பற்றிக் கேட்டதும் மௌனமாகிவிடுவார். மறுபடி யாரும் கேட்பதில்லை. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அந்த மௌனத்தை மதிக்கத் தெரிந்தவர்களே நல்ல கூட்டாளிகள். தெரியாத இடத்தில் பி.எம்.எஸ். போன்ற குழுக்கள், வெளியான தகவலையும் இயற்பியலையும் வைத்து நியாயமான ஊகம் செய்கின்றன.

மற்றபடி இந்தக் கூட்டத்தின் பேச்சுக்கே ஒரு தனி மொழி இருக்கிறது. புதிதாக வருகிறவர் முதலில் கற்பது அதைத்தான். எதிரி விமானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் ‘டேலி’. தன் கூட்டாளியின் விமானத்தைப் பார்த்தால் ‘விஷுவல்’. இரண்டும் பார்ப்பதுதான், ஆனால் வார்த்தையை மாற்றிச் சொன்னால் கூட்டாளியே சுட்டுவிடலாம். திரும்பிப் போகும் அளவுக்கு மட்டுமே எரிபொருள் இருந்தால் ‘பிங்கோ’. ஆயுதம் தீர்ந்தால் ‘வின்செஸ்டர்’. இவை நிஜ விமானிகளின் சொற்கள். டி.சி.எஸ்.-இல் பறப்பவர்களுக்காக ஆர்வலர்கள் உருவாக்கிய எஸ்.ஆர்.எஸ். என்ற ரேடியோ மென்பொருளில், மலைக்குப் பின்னால் போனால் குரல் மறையும், தூரம் போகப் போக இரைச்சல் ஏறும். பேசுவதற்கு முன் சரியான அலைவரிசையைத் திருப்பி வைக்க வேண்டும். ஒருவர் குரலின் மேல் இன்னொருவர் பேசினால் இரண்டும் கெடும். ஆகவே எல்லாரும் காத்திருந்து, சுருக்கமாக, தெளிவாகப் பேசப் பழகுகிறார்கள். பறத்தல் முடிந்ததும் அதே ஆட்கள் ரேடியோவை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சாவகாசமாகப் பேசுவார்கள். யார் எங்கே தவறினார்கள் என்று பதிவை ஓட்டிப் பார்ப்பார்கள். தவறியவரே முதலில் தன் தவறைச் சொல்ல வேண்டும் என்பது பல அணிகளில் வழக்கம். நிஜப் படைகளில் பறத்தலுக்குப் பின் நடக்கும் விசாரிப்பிலிருந்து எடுத்துக்கொண்ட வழக்கம் அது.

இன்று ஃபால்கனின் உரிமையாளர் மறுபடியும் மைக்ரோப்ரோஸ். பழைய பெயரை மீட்டெடுத்துப் புதிதாக நடத்தப்படும் அந்த நிறுவனம் 2023-இல் ஃபால்கன் வரிசையைத் திரும்ப வாங்கியது. பி.எம்.எஸ். இன்னும் இலவசம்தான். ஆனால் நிறுவும்போது ஒரு நிபந்தனை உண்டு. அசல் ஃபால்கன் 4.0 கணினியில் இருக்கிறதா என்று அது தேடும். இல்லாவிட்டால் மேலே போகாது. நிலம், விமானம், காக்பிட், பறத்தல், ஒலி எல்லாமே புதிதாக எழுதப்பட்டுவிட்ட பின்பும், அந்த ஒரு கதவை அவர்கள் எடுக்கவில்லை. நெடுங்காலம் பலர் வீட்டு அலமாரியைக் குடைந்து, கீறல் விழுந்த அந்தக் குறுந்தகட்டைத் தேடி எடுத்தார்கள். இப்போது இணையக் கடைகளில் சிறு தொகைக்கு அது கிடைக்கிறது. வாங்கி, இறக்கி, ஒருமுறைகூடத் திறக்காமல் ஓரமாக வைத்துவிட்டு, அதன் மேல் பி.எம்.எஸ்.-ஐ நிறுவுகிறார்கள். பிறகு பேட்டரி சுவிட்ச், முதன்மை மின்சாரம், ஸ்டார்ட்டர். எட்டு நிமிடம் தொடங்குகிறது. ஹெட்செட்டில் யாரோ வணக்கம் சொல்கிறார்கள்.